மரபுக் கட்டிட மாநாட்டில் ஓர் அமர்வு: கட்டுரையா, கலந்துரையாடலா, பட்டறையா, களப்பயணமா?

வட்டார அளவில் நடக்கும் மரபுக் கட்டிடப் பாதுகாப்பு மாநாட்டுக்கு அழைப்பு வந்ததும் பலர் தலைப்பு, சுருக்கம், பேசுபவர் விவரம் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் ‘அமர்வின் வடிவம்’ என்ற கட்டத்துக்கு வருகிறார்கள். ஆய்வுக் கட்டுரை, கலந்துரையாடல், செய்முறைப் பட்டறை, களப்பயணம் என்று நான்கு பெட்டிகள் இருக்கும். ஏதோ ஒன்றில் டிக் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம் கையில் இருந்தும் முன்மொழிவு திரும்பி வருவதற்கும், ஏற்கப்பட்ட அமர்வு அரங்கில் எடுபடாமல் போவதற்கும் பெரும்பாலும் அந்தக் கடைசி டிக்தான் காரணம்.

ஒரே விஷயத்தை நான்கு வடிவத்திலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இங்கே எடுத்துக்கொள்வது செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்பு வேலை: சுவர்ப் பூச்சும், மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைக்கும் மெட்ராஸ் டெரஸ் மேல்தளமும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் இந்த ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் வீடுகளில் பெரும்பாலானவை தனியார் சொத்து. தொல்லியல் சட்டங்களின் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கைத்தொழில், சொத்துரிமை, சட்டம், மழைநீர் என நாலா பக்கமும் நூல் ஓடும் விஷயம் என்பதால் வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்க இது நன்றாக உதவும்.

வடிவத்துக்கு முன்னால் கேள்வி

தேர்வுக் குழு ஒரே மூச்சில் பல முன்மொழிவுகளைப் படிக்கிறது. ‘செட்டிநாட்டுக் கட்டிடக்கலையின் சிறப்புகள்’ என்ற தலைப்பில் அவர்கள் நிற்க மாட்டார்கள். அது ஒரு பொருள்தான், அதற்குள் கேள்வி எதுவும் இல்லை. ‘ஒழுகும் மெட்ராஸ் டெரஸ் மேல் சிமென்ட் தளம் போட்டால் அடியில் இருக்கும் தேக்குக் கட்டைக்கு என்ன ஆகிறது?’ என்று எழுதினால் நிற்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கும் ஒரு காரணமும் இருப்பது உடனே தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது மரக்கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் போட்டு மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதித்த தளம். அது ஒழுகும்போது 5 செ.மீ. கனத்தில் சிமென்ட் கான்கிரீட் போட்டால் சதுர மீட்டருக்கு சுமார் 120 கிலோ கூடுகிறது. 4-க்கு 6 மீட்டர் அறை என்றால் 24 சதுர மீட்டர்; ஏறக்குறைய 2.9 டன் புதிய பாரம். அந்தப் பாரம் முழுவதையும் நூறு வருடக் கட்டைகள் சுமக்க வேண்டும். அதோடு, வெயிலில் சிமென்ட் தளம் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகிப் போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஊர்ந்து, சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் முனைகளில் தேங்கும். கட்டை உளுத்துப்போவது அந்த முனையில்தான் தொடங்குகிறது. அறைக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால், ‘இதற்கான விடை எங்கே இருக்கிறது?’ என்று அடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். அளவீட்டிலும் படங்களிலும் இருந்தால் கட்டுரை. ஆட்களின் கருத்து மோதலில் இருந்தால் கலந்துரையாடல். கையில் இருந்தால் பட்டறை. இடத்தில் இருந்தால் களப்பயணம். இதில் தடுமாறினால் மற்ற எல்லாம் தடுமாறும்.

ஆய்வுக் கட்டுரை

ஏற்கப்படுவதற்கு எளிய வழி இதுதான். பொதுவாக 15 முதல் 20 நிமிடம், பிறகு 5 நிமிடம் கேள்வி. ஒருவர் போதும், செலவும் குறைவு. மற்ற இரண்டு மூன்று கட்டுரைகளோடு ஒரே அமர்வில் சேர்த்துவிடலாம் என்பதால் ஏற்பாட்டாளருக்கும் வசதி. முன்மொழிவை 250 அல்லது 300 சொல்லில் முடித்துவிடலாம்.

எங்கே கெடுகிறது என்றால், நேரப் பங்கீட்டில். வீடு கட்டிய ஆண்டு, கட்டிய குடும்பம், பர்மாவிலிருந்து வந்த தேக்கு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்கு என்று சொல்லிச் சொல்லியே 12 நிமிடம் போய்விடும். பழுதுபார்த்த முறைக்கு மூன்று நிமிடம்தான் மிஞ்சும். கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வரலாறு முன்பே தெரியும். அவர்கள் தெரிந்துகொள்ள வந்தது அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை. 20 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: கட்டிடம் 2, சேதம் 3, சேதத்தின் காரணத்தைக் கண்டுபிடித்த விதம் 4, செய்த வேலை 7, பலிக்காமல் போனதும் செலவும் 4. அந்தக் கடைசி நான்கு நிமிடத்தை வெட்டவே வெட்டாதீர்கள். பழைய பூச்சை உரித்தபோது எதிர்பாராமல் என்ன வந்தது, எந்தக் கலவை வெடித்தது, எதைத் திரும்பச் செய்ய நேர்ந்தது என்பதைக் கேட்கத்தான் இதே வேலையில் இருப்பவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார்கள்.

படங்கள் 15 முதல் 18 போதும். ‘முன்’, ‘பின்’ படங்களை ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், ஒரே நேர வெளிச்சத்தில் எடுத்திருக்க வேண்டும். சட்டகத்துக்குள் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். காலைச் சாய்வெயிலில் எடுத்த ‘முன்’ படமும் உச்சி வெயிலில் எடுத்த ‘பின்’ படமும் ஒன்றையும் நிரூபிக்காது. சாய்ந்த வெளிச்சம் எந்தச் சுவரையும் சொரசொரப்பாகக் காட்டிவிடும்.

செட்டிநாட்டு வீடு என்றால் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. படம் காட்ட அனுமதி தந்தது யார்? சாவி வைத்திருப்பவரின் ‘சரி’ போதாது, பங்காளிகளில் பொறுப்பானவர்களிடம் எழுத்தில் வாங்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் செதுக்கு வேலைப்பாடுள்ள நிலைக்கதவு, விளக்கு, ரவிவர்மா பாணி ஓவியங்கள் இவற்றை ஊர்ப் பெயர், தெருப் பெயரோடு திரையில் காட்டக் கூடாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டின் நிலைக்கதவு விலைபோய்விட்டால் அந்த வீட்டின் மீதிக்கதை விரைவில் முடிந்துவிடும்.

சுண்ணாம்பு விஷயத்தில் கட்டுரை வடிவம் எங்கே நிற்கிறது? உங்களிடம் ஈரப்பத அளவீடு, சாந்து மாதிரியின் ஆய்வக முடிவு, இரண்டு மழைக்காலம் தொடர்ந்து கவனித்த பதிவு இருந்தால் இதைவிடச் சிறந்த வடிவம் இல்லை. ‘பூச்சு எப்படிப் போட வேண்டும்’ என்பதுதான் விஷயம் என்றால் இது தோற்கும். சாந்தின் பதத்தைப் படத்தில் காட்ட முடியாது.

சுவரொட்டி அமர்வும் (ஆய்வை ஒரு தாளில் ஒட்டிவைத்து, பக்கத்தில் நின்று விளக்குவது) சில மாநாடுகளில் உண்டு. ஒரே ஒரு வரைபடமோ ஒரே ஒரு கணக்கோ இருக்கும் மாணவருக்கு அது நல்ல வாசல். மற்றவர்களுக்கு அவசியமில்லை.

கலந்துரையாடல்

90 நிமிடம் என்று கொடுப்பார்கள். கேட்கும்போது நிறைய நேரம் போலத் தோன்றும். அறிமுகம் 5, மூன்று பேர் தலா 10 என்று 30, அவர்களுக்குள் பேச 25, அவையோர் கேள்விக்கு 25, முடிக்க 5. அவ்வளவுதான். நான்காவது ஆளைச் சேர்த்தால் அவர்களுக்குள் பேசும் நேரம் 15 ஆகும். ஐந்தாவது ஆள் வந்தால் 5 ஆகும். அதற்குப் பிறகு அது வரிசையாக நடக்கும் ஐந்து சிற்றுரைகள்தான். மரியாதைக்காக ஒருவரைச் சேர்க்கும் பழக்கம்தான் இந்த வடிவத்தைக் கெடுப்பது. மூன்று பேர், ஒரு நெறியாளர், அதற்கு மேல் வேண்டாம்.

மூவருக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருக்க வேண்டும். ‘மரபைக் காப்போம்’ என்பதில் யாருக்கும் வேறுபாடு இல்லை. அதனால் பேசவும் ஒன்றும் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகமான மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அது மரபுக் கட்டிடமா, மரபின் நகலா? இந்தக் கேள்வியில் பொறியாளரும் வரலாற்றாசிரியரும் நகரவாசியும் ஒரே பக்கம் நிற்க மாட்டார்கள். செட்டிநாட்டில் அதற்கு இணையான கேள்வி: சிமென்ட் பூசிவிட்ட பழஞ்சுவரை உரிக்கலாமா, விட்டுவிடலாமா? உரித்தால் சிமென்டோடு ஒட்டிக்கொண்டு பழைய சுண்ணாம்புப் பூச்சும் செங்கல்லின் மேல்தோலும் பெயர்ந்து வரும். விட்டால் உள்ளே மாட்டிய ஓதம் (சுவர் ஈரம்) மேலேறி, சிமென்ட் முடியும் இடத்துக்கு மேல் உப்புப் பூக்கும். உரிக்க வேண்டும் என்பார் கொத்தனார். கட்டுப்படி ஆகாது என்பார் வீட்டுக்காரர். பாதி உரித்துப் பார்ப்போம் என்பார் கட்டிடக்கலைஞர். இது உரையாடல்.

சட்டம் பற்றிய விஷயம் என்றால் இந்த வடிவம்தான் சரி. 1958-ஆம் ஆண்டு மத்தியத் தொல்லியல் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை முறைப்படுத்தப்பட்ட பகுதியாகவும் வைத்தது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இல்லாத தெருக்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் ஊராட்சி, உரிமையாளர், தன்னார்வ அமைப்பு மூவரும் என்ன செய்ய முடியும் என்பதை ஒருவர் கட்டுரையாக வாசிப்பதைவிட மூவர் பேசினால் பயன் அதிகம்.

கொத்தனாரை மேடையில் உட்காரவைக்கும்போது வரும் சிக்கலை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை. தென்னிந்திய அளவிலான மாநாடு என்றால் அரங்கில் தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுபவர்கள் இருப்பார்கள், நடப்பது ஆங்கிலத்தில். அவர் தமிழில் சொல்ல, ஒருவர் மொழிபெயர்க்க, 10 நிமிடம் என்பது 5 நிமிடமாகிவிடும். அதனால் அவருக்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். உரையாற்றச் சொல்லாதீர்கள். நெறியாளர் கேட்க, அவர் பதில் சொல்லட்டும். மொழிபெயர்ப்பவருக்குச் சாந்து வேலை தெரிந்திருக்க வேண்டும். ‘நீற்றுவது’ (சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் களியாக்குவது) என்றால் என்ன, ‘பதம்’ என்றால் என்ன என்று மேடையில் விளக்கம் கேட்கும் நிலை வரக் கூடாது. வரும் நாளுக்கு அவருடைய நாள் கூலி போகிறது. பயண நாளையும் சேர்த்து இரண்டு அல்லது மூன்று நாள் கூலி, போக்குவரத்து, தங்குமிடம் இவற்றை யார் தருகிறார்கள் என்பதை முன்மொழிவிலேயே எழுதுங்கள். மாநாட்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதோடு ஏற்பாட்டாளர் நிறுத்திக்கொண்டால், அவர் தன் கைக்காசைப் போட்டு நமக்குப் பாடம் நடத்துவதாக ஆகிவிடும். அது நியாயமில்லை.

செய்முறைப் பட்டறை

சுண்ணாம்புக்கு இயல்பான வடிவம் இது. எல்லோரும் முதலில் ஆசைப்படுவதும் இதற்குத்தான். அரை நாள், அதாவது மூன்றரை முதல் நான்கு மணி நேரம்; 20 பேர், ஐந்து பேராக நான்கு குழு; குழுவுக்கு ஒரு கொத்தனார் அல்லது தேர்ந்த உதவியாளர். 20-க்கு மேல் சேர்த்தால் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

பொருள் கணக்கு இப்படி வரும். குழுவுக்கு 60-க்கு 60 செ.மீ. செங்கல் பரப்பு. முதல் பூச்சு 12 மி.மீ. கனம் என்றால் ஒன்றுக்கு 4.3 லிட்டர் சாந்து. சிந்துவதும் பழகுவதும் சேர்த்து 6 லிட்டர். நான்கு குழுவுக்கு 24 லிட்டர். ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு இரண்டரைப் பங்கு மணல் என்ற கலவையில், களி மணலின் இடைவெளிகளை நிரப்பிவிடுவதால், 24 லிட்டர் சாந்துக்கு ஏறத்தாழ 24 லிட்டர் மணலும் 10 லிட்டர் களியும் வேண்டும். இரட்டிப்பாக எடுத்துப் போங்கள்: 50 லிட்டர் மணல், 20 லிட்டர் களி. 20 லிட்டர் களிக்கு 10 முதல் 12 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கல் போதும். சலித்த மணலாக இருக்க வேண்டும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வாங்கினால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். அதிலிருக்கும் கல்மாவு தண்ணீரை அதிகம் கேட்கும், காய்ந்ததும் பூச்சு சிலந்தி வலைபோல வெடிக்கும். சாந்தில் சேர்க்கும் கடுக்காய், வெல்ல ஊறலை ஒரு வாரத்துக்கு மேல் முன்னதாகவே போட்டு வைக்க வேண்டும். அதன் அளவு மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும். வருகிற மேஸ்திரியின் அளவையே பின்பற்றுங்கள், புத்தகத்தைக் காட்டி அவரோடு வாதாட வேண்டாம்.

மாநாட்டு இடத்தில் சுண்ணாம்பை நீற்றிக் காட்டும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும், தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காட்டியே ஆக வேண்டுமென்றால் திறந்த வெளியில், ஒரு கிலோவுக்கு மேல் போகாமல், இரும்புப் பாத்திரத்தில். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துச் சிதறும். பார்ப்பவர்கள் மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். செய்பவருக்குக் கண்ணாடி, ரப்பர் கையுறை. பக்கத்தில் கண் கழுவ 10 லிட்டர் சுத்தமான தண்ணீர். நீற்றிய களியைத் தொடும் பங்கேற்பாளர்களுக்கும் கையுறை வேண்டும், அதுவும் தோலை அரிக்கும்.

இடம் கிடைப்பதுதான் அடுத்த தலைவலி. மாநாடு ஹோட்டலில் நடந்தால் அரங்கத்தில் சாந்து குழைக்க விட மாட்டார்கள். விட்டாலும் ஏசிக் காற்றில் பூச்சு அவசரமாகக் காய்ந்து வெடிக்கும். நிழலுள்ள தாழ்வாரமோ கொட்டகையோ வேண்டும் என்று முன்மொழிவில் எழுதுங்கள்; 100 லிட்டர் தண்ணீர், தரையில் தார்ப்பாய், ஈரச் சாக்கு, கழிவுக்குத் தனி டிரம். சாந்து கழுவிய தண்ணீரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவையும் செய்த பிறகும் இந்த வடிவத்தில் தீராத ஒரு குறை உண்டு. சுண்ணாம்புக்கு அவசரம் தெரியாது. முதல் பூச்சு இறுகி ஒரு வாரம் பத்து நாள் ஆன பிறகுதான் அடுத்தது. அதற்கப்புறம்தான் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கடைசிப் பூச்சும், கூழாங்கல்லால் தேய்த்துக் கொண்டுவரும் கண்ணாடி மெருகும். நான்கு மணி நேரத்தில் பங்கேற்பாளர் பார்ப்பது ஈரமான முதல் பூச்சை மட்டுமே. அதை வைத்து ‘செட்டிநாட்டுப் பூச்சு கற்றுக்கொண்டேன்’ என்று போனால் அவர் அடுத்து கை வைக்கும் சுவரை நினைத்துக் கவலைப்பட வேண்டியதுதான்.

களப்பயணம்

மாநாடு காரைக்குடியிலேயே நடந்தால் கானாடுகாத்தான் என்ற செட்டிநாட்டு ஊர் சுமார் 15 கி.மீ.தான், அரை நாள் போதும். மதுரையிலோ திருச்சியிலோ நடந்தால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். காலை 7:30-க்குக் கிளம்பினால் 9:30. மதியச் சாப்பாட்டைக் கழித்தால் வீடுகளில் செலவிட ஐந்து மணி நேரம் கிடைக்கலாம். அரை நாள் என்று முன்மொழிந்தால் பேருந்தில் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் மிச்சம்.

ஒரு வீட்டுக்குள் ஒரு நேரத்தில் 15 பேர். 40 பேர் பேருந்தை அப்படியே உள்ளே விட்டால் முகப்பிலும் வளவிலும் (நடு முற்றத்திலும்) நிற்க இடம் இருக்கும், ஆனால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. மூன்று குழுவாகப் பிரித்து, நிறுத்தத்துக்கு 25 நிமிடம் என்று சுற்றவிடுங்கள். மேல்தளத்தில் ஏற்றாதீர்கள். கட்டை முனைகளைச் சோதித்துப் பார்க்காத மெட்ராஸ் டெரஸில் 15 பேர் ஒரே மூலையில் கூடினால் ஒரு டன் பாரம்; அதுவும் ‘ஒழுகும் இடம் இதோ’ என்று காட்டினால் எல்லோரும் அந்த மூலைக்குத்தான் வருவார்கள். உரிமையாளர் அனுமதி, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குத் தகுந்த மரியாதைத் தொகை, பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இந்த மூன்றும் உறுதியாகாமல் பேருந்தைப் பதிவு செய்ய வேண்டாம்.

களப்பயணம் சுற்றுலாவாக மாறுவதைத் தடுக்க ஒரு வேலையைக் கையில் கொடுக்க வேண்டும். மழைநீர் நல்ல வேலை. கூரையில் விழும் நீர் வளவுக்கு எப்படி இறங்குகிறது, அங்கிருந்து எந்த வழியாகத் தெருவுக்கும் ஊருணிக்கும் போகிறது, எந்த இடத்தில் புதுச் சாலையோ புதுச் சுவரோ அதை மறித்தது என்று ஒவ்வொரு குழுவும் 100 மீட்டர் தெருவைத் தாளில் வரையட்டும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் திண்ணை தாழ்ந்துபோன இடத்தில் சுவர் ஓதம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று டேப்பால் அளக்கட்டும். நவம்பர் 19 முதல் 25 வரை கொண்டாடப்படும் உலக மரபு வாரத்தை ஒட்டி மாநாடு நடந்தால் வடகிழக்குப் பருவமழையில் இதைக் கண்முன்னே பார்க்கலாம். ஏப்ரல் 18 உலக மரபு நாளை ஒட்டி என்றால் கொளுத்தும் வெயில், காய்ந்த சுவரில் உப்புக் கறைகள் மட்டும். மழைக்கால நிகழ்ச்சிக்குச் சேறும் தாமதமும் உண்டு என்றாலும் கட்டிடத்தைப் படிக்க வருபவர்களுக்கு அதுவே சரியான பருவம்.

ஆனால் ஒன்று: களப்பயணத்தைப் பல ஏற்பாட்டாளர்கள் தாங்களே நடத்துவார்கள். வெளியிலிருந்து வரும் களப்பயண முன்மொழிவை ஏற்கத் தயங்குவார்கள். படிவத்தில் பெட்டி இருக்கிறதே என்று நம்பிவிடாமல், அனுப்புவதற்கு முன் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

எதைத் தேர்வது?

முதல் முறை முன்மொழிபவருக்கு, கூடவே ஒரு தேர்ந்த மேஸ்திரி இருந்தால், நாங்கள் சொல்வது இந்த நான்கில் எதுவும் அப்படியே அல்ல. 90 நிமிட ‘செய்துகாட்டலும் உரையாடலும்’ என்று கேளுங்கள். பெரும்பாலான படிவங்களில் ‘பிற’ என்றோ, சிறு பட்டறை என்றோ அதற்கு இடம் இருக்கும். முழுப் பட்டறையின் இடத் தொல்லையும் பொருள் பாரமும் இதில் இல்லை. கலந்துரையாடலின் வாய்ச்சொல்லோடும் இது நின்றுவிடாது. சுண்ணாம்பின் மந்த கதியை இது முன்தயாரிப்பால் வெல்கிறது: சமையல் செய்துகாட்டுபவர் ஊறவைத்த மாவை எடுத்து வருவதுபோல, வெவ்வேறு நாளில் பூசிய பலகைகளைக் கொண்டுவர வேண்டும்.

பலகை 45-க்கு 45 செ.மீ. பிளைவுட் சட்டத்தில் 2.5 செ.மீ. கனமுள்ள மெல்லிய செங்கல்லைப் பதித்து அதன்மேல் பூச்சு. முழுப் பூச்சோடு ஒன்று சுமார் 18 கிலோ வரும், இரண்டு பேர் எளிதாகத் தூக்கலாம். முழுச் செங்கல்லில் 60-க்கு 60 செய்தால் பூச்சுக்கு முன்பே 50 கிலோவைத் தொடும். பலகையைப் படுக்கவைத்துப் பூசாதீர்கள். சுவர்போல நிறுத்தித்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் சாந்தின் பிடிப்பைப் பற்றி அது பொய் சொல்லும்.

நாள் கணக்கை மாநாட்டிலிருந்து பின்னோக்கி வையுங்கள். 50 நாள் முன்: சுண்ணாம்பை நீற்றி, மேலே எப்போதும் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தல். 35 நாள் முன்: எல்லாப் பலகைகளிலும் செங்கல் பதித்தல். 28 நாள் முன்: முதல் பலகையை விட்டுவிட்டு இரண்டு, மூன்று, நான்குக்கு முதல் பூச்சு. 18 நாள் முன்: மூன்று, நான்குக்கு இரண்டாம் பூச்சு. 10 நாள் முன்: நான்காவதுக்குக் கடைசிப் பூச்சும் மெருகும். வெறும் செங்கலாக நிற்கும் முதல் பலகையில்தான் மேஸ்திரி அரங்கத்தில் நேரடியாகப் பூசிக் காட்டுவார். அதற்கு 5 லிட்டர் சாந்தும் ஒரு சதுர மீட்டர் தார்ப்பாயும் போதும். எந்த ஹோட்டலும் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது. வண்டியில் பலகைகளை நிறுத்தி, இடையே சாக்கு வைத்துக் கொண்டுவர வேண்டும். முதல் பூச்சிலும் இரண்டாம் பூச்சிலும் ஒவ்வொன்று கூடுதலாகச் செய்துவையுங்கள். வழியில் ஒன்றாவது வெடிக்கும்.

இவற்றைவிட முக்கியமானவை கெட்டுப்போன பலகைகள். அதே 28-ஆம் நாளில் மூன்றை வேண்டுமென்றே தப்பாகப் பூசுங்கள். ஒன்று, செங்கல்லை நனைக்காமல்: செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். இரண்டு, கழுவாத எம்-சாண்டில். மூன்று, 25 மி.மீ. கனத்தை ஒரே பூச்சாக: மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, பாரத்தில் தொங்கி, குறுக்கே வெடிக்கும். மாநாட்டுக்கு வந்தவர்கள் கையால் தட்டி, ஆணியால் கீறி, காரணத்தை ஊகிக்கட்டும். பிறகு மேஸ்திரி சொல்லட்டும். சுண்ணாம்பின் மேல் சிமென்ட் பூசிய பலகையைச் செய்து ஏமாற வேண்டாம். அது 28 நாளில் கெடாது, பார்க்க மற்ற எல்லாவற்றையும்விட அழகாக நிற்கும். அதற்குப் பதில், ஏதாவது வீட்டில் பெயர்ந்து விழுந்த சிமென்ட் வில்லை ஒன்றை உரிமையாளர் அனுமதியோடு கொண்டுவந்து பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அதில் ஒட்டி வந்திருக்கும் பழைய சுண்ணாம்பும் செங்கல் பொடியும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

90 நிமிடத்தின் பங்கீடு: வீட்டின் சேதத்தை ஐந்து படத்தில் பொறியாளரோ உரிமையாளரோ சொல்வது 10; பலகை வரிசையும் நேரடிப் பூச்சும் 40; கெட்ட பலகைகள் 15; கேள்விகள் 20; கை கழுவ, கலைய 5. நாற்பது பேர்வரை தாங்கும்.

முன்மொழிவின் சுருக்கம் இப்படி இருக்கலாம்: “ஒழுகும் மேல்தளத்துக்கும் உதிரும் சுவருக்கும் சிமென்ட் பூசுவது செட்டிநாட்டு வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சுண்ணாம்புப் பூச்சு ஏன் தவறுகிறது, தவறாமல் போட என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு மேஸ்திரி, 28 நாளில் படிப்படியாகத் தயாரித்த நான்கு பலகைகளையும் வேண்டுமென்றே தவறாகப் பூசிய மூன்று பலகைகளையும் கொண்டு செய்துகாட்டுவார். ஒரு வீட்டு உரிமையாளரும் ஒரு பொறியாளரும் செலவையும் கால அளவையும் பற்றி அவருடன் உரையாடுவர். பங்கேற்பவர்கள் வெற்றுச் சத்தம், வெடிப்பின் வடிவம், கீறல் ஆகியவற்றைக் கொண்டு பூச்சின் குறையை அடையாளம் காண்பார்கள்.” இதற்கு வலுச் சேர்க்க, சட்டப் பாதுகாப்பு இல்லாத மரபுக் கட்டிடங்களுக்காக இன்டாக் (கலை, பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளை) 2004-இல் கொண்டுவந்த சாசனத்தைக் குறிப்பிடலாம், மரபுக் கட்டுநர்களின் அறிவையும் காக்கப்பட வேண்டிய மரபாக அது பார்க்கிறது. குழுவில் இருப்பவர்களுக்கு அது தெரிந்த ஆவணம்.

‘பங்கேற்பாளர் என்ன கற்பார்’ என்ற கட்டத்தில் ‘விழிப்புணர்வு பெறுவர்’ என்று எழுதாதீர்கள். செய்யக்கூடிய செயலை எழுதுங்கள். அதையும் சரிபார்த்து எழுதுங்கள்: ‘எலுமிச்சைச் சாறு விட்டு, நுரைத்தால் சுண்ணாம்பு என்று கண்டுபிடிப்பார்கள்’ என்று எழுதினால் விஷயம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தாலே போதும், முன்மொழிவு கீழே போகும். சிமென்ட் பூச்சும் நுரைக்கும்.

உங்கள் கேள்விக்கு விடை அளவீட்டில் இருக்கிறது என்றால் மேலே சொன்னதை விட்டுவிட்டுக் கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள். சட்டம், உரிமை பற்றியது என்றால் மூவர் கலந்துரையாடல். ஊர் அமைப்பு, நீர்வழி என்றால் முழுநாள் களப்பயணம், அதுவும் மாநாடு பக்கத்திலேயே நடந்தால் மட்டும். முழுப் பட்டறையை, மாநாட்டுக்கு முந்தைய நாளைத் தனியாகத் தருபவர்களிடமும், தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் உங்களை அழைக்கக்கூடியவர்களிடமும் கேளுங்கள்.

படிவத்தில் ‘வேறு வடிவத்தில் நடத்தச் சம்மதமா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். யோசிக்காமல் ‘ஆம்’ போடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 90 நிமிடத்தை 20 நிமிடக் கட்டுரையாகச் சுருக்கினால் முதலில் கழன்றுவிடுவது மேஸ்திரிதான். மேடையில் பொறியாளர் மட்டும் மேஸ்திரியின் வேலையைக் காட்டும் படங்களைக் காட்டிக்கொண்டு நிற்பார். அனுப்பும் முன்பே மூவரும் பேசி முடிவெடுங்கள். 60 நிமிடமாகக் குறைத்தால் கெட்ட பலகைகளை வைத்துக்கொண்டு நேரடிப் பூச்சை விடலாம். அதற்குக் கீழே போனால், ‘இல்லை, அடுத்த முறை வருகிறோம்’ என்று எழுதிவிட்டு, நீற்றிய களியைத் தண்ணீர் வற்றாமல் மூடி வையுங்கள். அது கெடாது. நாளாக நாளாக இன்னும் வழுவழுப்பாகும்.